இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில், நம் இல்லத்தில் இரண்டு பழுதுகள் ஒருங்கே தலைகாட்டின. மாடியில் நாம் புழங்கும் குளியலறைத் தரையில் எங்கோ ஒரு கசிவு. வாசலில் நிற்கும் பழைய காரின் டயர்களோ, பட்டன் தேய்ந்து, விரலால் தடவினால் வழுவழுவென்று இருந்தன. இரண்டையும் ஒரே மாதத்தில் சரிசெய்யக் கையில் பணம் இல்லை. நடுத்தரக் குடும்பத்தார் இத்தகைய வேளையில் செய்வதையே நாமும் செய்தோம். தெரிந்தவர்களிடம் யோசனை கேட்டோம்.

யோசனைக்கு நம் ஊர்களில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. அலுவலக நண்பர் ஒருவர், டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளைச் சிமெண்டைக் குழைத்துப் பூசினால் போதும் என்றார். உறவினர் ஒருவர், தரையை உடைத்தால் செலவு இழுத்துக்கொண்டே போகும், இப்போது கை வைக்காதீர்கள் என்றார். டயரைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், வெளியூர் போகாத வண்டிக்குப் புது டயர் எதற்கு என்று கேட்டார். ஒவ்வொருவரும் சொன்ன காரணம் வேறு; முடிவு மட்டும் ஒன்றே: “இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.”

அந்தச் சொற்கள் நமக்கு இனித்தன. தமிழில் ‘ஓட்டுதல்’ என்பதற்குத்தான் எத்தனை இடம்! வண்டியையும் ஓட்டுகிறோம்; காலத்தையும் ஓட்டுகிறோம். மாதக் கடைசியில் அரைப்படி அரிசியைக் கொண்டு குடும்பத்தை ஓட்டிய தாய்மார்களின் திறமை அச்சொல்லுக்குள் இருக்கிறது. இல்லாமையை முகத்தில் காட்டாமல் நாளைக் கடத்திய ஒரு தலைமுறையின் மானமும் அதில் இருக்கிறது. ஆகவே அதனை எளிதாக எள்ளிவிட முடியாது.

நம் பெற்றோர் எதையும் சட்டெனத் தூக்கி எறிந்ததில்லை. சைக்கிள் டியூபில் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டார்கள். தேய்ந்த லாரி டயரிலிருந்து செய்த செருப்பை அணிந்து வயலுக்குச் சென்ற உழவர்களை நாம் கண்டிருக்கிறோம். இன்றும் லாரிகளிலும் பேருந்துகளிலும், ஏன், விமானங்களிலுங்கூட, உடல் கெடாத டயரின்மேல் புதிய பட்டன் ஏற்றி முறைப்படி மீண்டும் பயன்படுத்துகிறார்கள். கழித்துப் போட்ட டயர் மண்ணில் எளிதில் மக்குவதில்லை; மழைநீர் தேங்கினால் கொசு வளர்க்கிறது; எரித்தால் நச்சுப் புகையாகிறது. ஒரு பொருளை அதன் ஆயுள் முடியும்வரை பயன்படுத்துவது நல்லொழுக்கமே என்பதில் நமக்கு ஐயமில்லை. நம் ஐயம் வேறோர் இடத்தில் தொடங்கியது.

கீழ்வீட்டுச் சுவர்

நம் வீட்டின் கீழ்த்தளத்தில் வயதான அம்மையார் ஒருவர் வாடகைக்குக் குடியிருந்தார். கணவரை இழந்தவர், தையல் வேலை செய்து தம் செலவைத் தாமே பார்த்துக்கொண்டவர். கார்த்திகை பிறந்த பின் ஒருநாள் மின்கட்டணம் பற்றிப் பேச அவரிடம் சென்றோம். வழக்கமாகச் சுவரோரம் கிடக்கும் அவருடைய கட்டில் அறையின் நடுவில் கிடந்தது. சிவப்புச் சிமெண்டுத் தரையில் கட்டிற்கால்கள் நின்ற தடங்கள் அடுத்தடுத்துத் தெரிந்தன, மும்முறை நகர்த்தியிருக்கிறார். மேலிருந்து ஆள் உயரம்வரை சுவரில் ஈரம் இறங்கியிருந்தது. காரை பொருபொருத்து உப்புப் பூத்திருந்தது. மூலையில் கரும்பூஞ்சணம். அங்கே மாட்டியிருந்த கணவரின் நிழற்படத்தைக் கழற்றித் தையல் இயந்திரத்தின்மேல் சாய்த்து வைத்திருந்தார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். “மழைக்காலந்தானே தம்பி, வெயில் வந்தா காஞ்சிரும்” என்றார். அது மழைநீர் அன்று; நாம் நாள்தோறும் குளித்த நீர். அவருக்கு மட்டும் அது தெரியாமலா இருக்கும்? குடியிருப்பவர் வீட்டுக்காரரிடம் குறை சொன்னால் அது எங்கே போய் முடியுமோ என்ற அச்சம் அந்தப் புன்னகைக்குப் பின்னால் இருந்ததை, மாடியேறி வந்த பிறகே உணர்ந்தோம்.

கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று முடிவு செய்தவர்கள் நாம். ஓட்டியவரோ அவர். கொத்தனார் கூலியை மிச்சப்படுத்தியவர்கள் நாம். அந்தக் கூலியை உறக்கத்தாலும் மூச்சாலும் கட்டிக்கொண்டிருந்தவர் அவர். அன்று எழுந்த வினா இன்றும் நம்மை விடவில்லை: நம் சிக்கனம் யாருடைய செலவில் நடக்கிறது?

பிழை ஓரிடம், வலி வேறிடம்

கசிவின் இயல்பை அறிந்தவர்கள் ஓர் உண்மையைச் சொல்வார்கள். நீர் நுழைந்த இடமும் வெளிப்படும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அடித்து, மேலே தட்டோடு பதித்த பழைய மொட்டைமாடிகளை நாம் அறிவோம். அங்கே ஒரு மூலையில் ஓட்டின் இணைப்பு விட்டுப்போனால், இறங்கிய நீர் தளத்தின்மேலேயே ஊர்ந்து சென்று, பத்தடி தள்ளி வேறோர் அறையில் சொட்டும். தளத்தின் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை அந்த ஈரம் துருப்பிடிக்கச் செய்யும். துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடத்தைக் கேட்கும். இடம் போதாமல் சிமெண்டைப் பிளக்கும். ஒருநாள் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும்போது, அது இன்று நேர்ந்த விபத்து என்று எண்ணுகிறோம். அது பல மழைக்காலங்களுக்கு முன்பே தொடங்கிய செயல்.

சொட்டும் குழாயும் அத்தகையதே. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 86,400 சொட்டுகள். அடியில் வாளி வைத்துப் பார்த்தால், நாளொன்றுக்கு இருபது முப்பது லிட்டர் வீணாவது கண்ணுக்குத் தெரியும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 இலட்சம் லிட்டர் நீரை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் சென்னைக்கு வந்தது. தெருமுனையில் குடத்தோடு காத்திருந்தவர்களை நாமெல்லாம் கண்டோம். மேல்நிலைத் தொட்டி நிறைந்திருக்கும் வீட்டில் சொட்டும் நீர், எங்கோ ஒருவருடைய குடத்துக்குரிய நீர். சிறுதுளி பெருவெள்ளம் என்பதைச் சேமிப்புக்கு மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். இழப்புக்கும் அது பொருந்தும்.

டயருக்கு வருவோம். காற்றடைத்த டயருக்கு 1888-இல் காப்புரிமை பெற்ற ஜான் பாய்ட் டன்லப், பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்தவர். தம் சிறு மகனின் முச்சக்கர மிதிவண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்றே அதனை முதலில் செய்தார். இன்னொருவர்மீது கொண்ட அக்கறையில் பிறந்த பொருள் அது. ஒரு கார் எவ்வளவு பெரிதாயினும், சாலையை அது தொடுவது நான்கு இடங்களில், ஏறக்குறைய உள்ளங்கையளவே. மழை பெய்த சாலையில் அந்த உள்ளங்கைக்கு அடியிலிருக்கும் நீரை வெளியேற்றுவது பட்டனுக்கு இடையிலுள்ள பள்ளங்கள். அவை மறைந்தால் டயர் சாலையை விட்டு நீரின்மேல் மிதக்கும். அந்நேரத்தில் பிரேக்கை மிதித்தும் பயனில்லை.

அப்போது எதிரே நிற்பவர் யார்? இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்று நடுவண் அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் நடந்து சென்றவர்களும் இருசக்கர வண்டியில் சென்றவர்களுமே. அந்த இறப்புகள் எல்லாவற்றுக்கும் டயர் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் காரின் டயர் வழுக்கும்போது, உள்ளே இருப்பவருக்கு இரும்புக் கூடு துணை நிற்கிறது. சாலையைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைக்கு அத்தகைய துணை ஏதுமில்லை. தள்ளிப்போடலாம் என்ற முடிவில் அந்தப் பிள்ளைக்கு வாக்கு இருந்ததில்லை.

கப்பல் உரிமையாளரின் மனச்சான்று

இங்கே ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. வில்லியம் கிங்டன் கிளிஃபர்டு என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர், நம்பிக்கை கொள்வதிலும் ஓர் அறம் உண்டு என்பதை விளக்க 1877-இல் எழுதிய கட்டுரையில் இக்கதையைச் சொன்னார். ஒருவரிடம் பழைய கப்பல் ஒன்று இருந்தது, பலமுறை பழுதுபார்க்கப்பட்டது. அயல்நாட்டில் வாழ்வு தேடிச் செல்லும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு அது புறப்பட வேண்டும். கப்பல் தாங்குமா என்ற ஐயம் உரிமையாளருக்கு எழுந்தது. முழுதும் சோதித்துச் செப்பனிடப் பெருஞ்செலவாகும். அவர் தம் மனத்தைத் தேற்றிக்கொண்டார். இத்தனை பயணங்களில் வராத கேடு இப்போது மட்டும் வருமா என்று எண்ணினார். இறைவன் ஏழைகளைக் காப்பான் என்றும் எண்ணினார். மெல்ல மெல்ல அவருக்கு உண்மையாகவே நம்பிக்கை வந்துவிட்டது. மகிழ்ச்சியோடு வழியனுப்பினார். கப்பல் நடுக்கடலில் மூழ்கியது. காப்பீட்டுத் தொகை அவர் கைக்கு வந்தது.

அவர் உண்மையாகவே நம்பினாரே, பிறகு எப்படிக் குற்றவாளி ஆவார் என்று நாம் கேட்கலாம். அப்படி நம்புவதற்கு அவருக்கு உரிமை இல்லை என்பதே கிளிஃபர்டின் விடை. ஆராய்ந்து பெற்ற நம்பிக்கை அன்று அது. ஐயத்தை அமுக்கிப் பெற்றது. அதைவிட ஆழமான இன்னொன்றையும் அவர் சொன்னார்: அந்தக் கப்பல் மூழ்காமல் கரைசேர்ந்திருந்தாலும் அவருடைய குற்றம் ஓர் அணுவும் குறைந்திருக்காது.

இதைப் படிக்கும்போது நம் நெஞ்சு குறுகுறுக்கிறது. நால்வரிடம் யோசனை கேட்டோம் என்றோமே, எதற்காகக் கேட்டோம்? உண்மையை அறிவதற்காகவா? முதலில் கேட்ட மெக்கானிக், முன்டயர்கள் இரண்டையும் உடனே மாற்றுங்கள் என்றுதான் சொன்னார். அவருக்கு வியாபாரம் வேண்டும் என்று நாமே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு அடுத்தவரிடம் சென்றோம். நாம் கேட்க விரும்பியதைச் சொல்லும் ஒருவர் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தோம். அதற்குப் பெயர் யோசனை கேட்பதன்று. மனச்சான்றுக்குத் தாலாட்டுப் பாடுவது.

அறிய முடிந்ததை அறியாதிருத்தல்

இவையெல்லாம் அறிவதற்கு அரியவை என்றால் நமக்கு மன்னிப்பு உண்டு. ஆனால் எவ்வளவு எளியவை! இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மோட்டாரையும் நிறுத்திவிட்டு, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து விடியலில் பார்த்தால், யாரும் புழங்காத வேளையில் நீர் குறைந்ததா என்பது தெரிந்துவிடும். கழிப்பறையின் நீர்த்தொட்டியில் சொட்டு நீலம் சில துளி விட்டு, அரைமணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் இருந்தால், கோப்பையில் நீலம் இறங்கியிருப்பது கசிவைக் காட்டிக் கொடுத்துவிடும். மொட்டைமாடியில் ஐயமிருந்தால், பாத்தி கட்டி இரண்டு நாள் நீர் தேக்கிப் பார்க்கலாம்.

டயரின் பள்ளங்களுக்கு அடியில் சிறு மேடுகளை வைத்தே வார்த்திருக்கிறார்கள். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால், பள்ளத்தில் எஞ்சியிருப்பது 1.6 மில்லிமீட்டர், காருக்குச் சட்டம் அனுமதிக்கும் கடைசி வரம்பு அது. பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டன் தேயாமல் இருந்தாலும் இரப்பர் முதுமையடையும். வெயிலில் இறுகி வெடிப்பு விடும். கடையில் விலை கேட்பதற்குமுன் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். புதிது போல மின்னும் டயர் பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்ததாக இருக்கலாம்.

யோசனை சொல்பவருக்கும் இங்கே பொறுப்பு உண்டு. இரண்டு டயர்களை மட்டும் மாற்ற முடிந்தால் புதியவற்றை முன்பக்கம் போடுங்கள் என்று நம்மவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாமும் பிறருக்குச் சொல்லியிருக்கிறோம். டயர் செய்வோர் கூறும் அறிவுரையோ இதற்கு நேர்மாறானது. ஈரச்சாலையில் முன்சக்கரங்கள் பிடி இழந்தால் வண்டி நேரே வழுக்கும். ஓட்டுபவர் அதனை உணர்ந்து வேகத்தைக் குறைக்கலாம். பின்சக்கரங்கள் பிடி இழந்தால் வண்டி சுழலும். அதனை மீட்பது அரிது. ஆகவே நல்ல டயர்கள் பின்பக்கமே இருக்க வேண்டும். திண்ணையில் அமர்ந்து நாம் உதிர்க்கும் ஒரு சொல், கேட்டவரின் வண்டியில் ஏறிப் பயணம் போகிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் ஓர் அறமே.

இயலாமையும் அலட்சியமும்

“வசதியுள்ளவர்களுக்கு இது சரி, இல்லாதவன் என்ன செய்வான்?” என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முதலாளி மாற்றித் தராத டயரோடு சுமை வண்டி ஓட்டும் தொழிலாளியையும், வண்டி இருந்தும் மாற்றாத முதலாளியையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஒழுகும் கூரையின்கீழ்ப் பாத்திரம் வைக்கும் ஏழையும், பிறர் தலைமீது ஒழுகவிடும் வீட்டுக்காரரும் ஒன்றல்லர். மாற்றும் ஆற்றல் யாரிடம் இருக்கிறதோ, கடமையும் அவரிடமே இருக்கிறது.

எனினும் இயலாதவருக்கும் ஒன்று இயலும்: மறைக்காதிருத்தல். பழுதை உடனே நீக்க முடியாதவர் அந்தக் குளியலறையைப் பூட்டி வைக்கலாம். மழை நாளில் வண்டியை எடுக்காதிருக்கலாம். குறைந்தது, பாதிக்கப்படக் கூடியவரிடம் உண்மையைச் சொல்லலாம். தம் துன்பத்தைத் தாமே அறிந்து ஏற்பது பொறுமை. பிறருக்குத் தெரியாமல் அவர் தோளில் அதனை ஏற்றிவிட்டு, அதற்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டுவது வேறு.

மனச்சான்றை மட்டும் நம்பியிருந்தால் போதாது என்பதையும் வரலாறு காட்டுகிறது. கிளிஃபர்டு கதை எழுதிய காலத்திலேயே, பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால், அளவுக்கு மீறிச் சுமையேற்றிய கப்பல்களோடு மூழ்கும் மாலுமிகளுக்காகப் போராடினார். கப்பலின் பக்கத்தில் சுமைக்கு எல்லைக்கோடு இடவேண்டும் என்று 1876-இல் சட்டம் வந்தது. ஆனால் கோட்டை எங்கே இடுவது என்பதை உரிமையாளரிடமே விட்டுவிட்டார்கள். 1890-இல் அதன் இடத்தையும் சட்டமே வரையறுத்த பிறகுதான் கோட்டுக்குப் பொருள் வந்தது. டயரின் பள்ளத்திலுள்ள அந்தச் சிறு மேடும் ஓர் எல்லைக்கோடே. எல்லையை நம் வசதிக்கேற்ப நகர்த்தும் உரிமை நம்மிடம் இருக்கும்வரை, ‘இன்னும் கொஞ்ச நாள்’ என்பது ஒருநாளும் முடிவதில்லை.

நாம் என்ன செய்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மறுநாளே கொத்தனாரும் பிளம்பரும் வந்தார்கள். தரையை உடைத்ததும், கழிவுநீர்க் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது தெரிந்தது. வெள்ளைச் சிமெண்டு எவ்வளவு பூசியிருந்தாலும் அது அடைபட்டிருக்காது. டயருக்கென வைத்திருந்த பணம் அதிலே கரைந்தது. தை மாதம்வரை கார் வேப்பமரத்தடியில் நின்றது, பேருந்தில் போய்வந்தோம். பிறகு டயர்களை அளந்து பார்த்தோம். முன்னிரண்டும் வரம்பைத் தாண்டியிருந்தன. பின்னிரண்டும் பட்டனாலும் வயதாலும் இன்னும் ஓராண்டு தாங்கக் கூடியவை. ஆக, ‘ஓட்டலாம்’ என்பது இரண்டுக்கு உண்மை, இரண்டுக்குப் பொய். அளந்து பார்க்காதவரை அது நமக்குத் தெரிந்திருக்கவில்லை. புதியவை இரண்டு வாங்கிப் பின்னால் போட்டு, பழையவற்றை முன்னுக்கு மாற்றினோம். சிக்கனமும் கெடவில்லை.

வழுக்காத வண்டிக்கும் விழாத காரைக்கும் யாரும் நன்றி சொல்வதில்லை. நடக்காத விபத்து எந்தச் செய்தித்தாளிலும் வராது. இந்த நற்செயலுக்குச் சாட்சி கிடையாது. செய்தவருக்கே தாம் என்ன செய்தோம் என்று முழுமையாகத் தெரியாது. அதனால்தான் அது கடினமாக இருக்கிறது போலும்.

கீழ்வீட்டுச் சுவர் காய்வதற்குப் பங்குனி ஆயிற்று. காரையைக் கொத்திப் புதிதாகப் பூசி, வெள்ளையடித்துக் கொடுத்தோம். அம்மையாரின் கட்டில் மீண்டும் தன் பழைய இடத்துக்குப் போயிற்று. கணவரின் படத்தை மட்டும் அவர் எதிர்ச்சுவரில் மாட்டிக்கொண்டார். ஏன் என்று நாம் கேட்கவில்லை. சுவர் காய்வதைவிட நம்பிக்கை காய்ந்து உறுதிப்பட நாளாகும். அந்த நாள்களை ஓட்ட வேண்டியவர்கள் நாம்தாம்.